லிப்சியஸின் ‘தே க்ரூசே’: சிலுவைத் தண்டனை பற்றிய பழைய லத்தீன் படப்புத்தகம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன புத்தகம்?

முழுப்பெயர் ‘தே க்ரூசே லிப்ரி த்ரேஸ்’. ‘சிலுவையைப் பற்றி மூன்று நூல்கள்’ என்று அர்த்தம். எழுதியவர் யுஸ்துஸ் லிப்சியஸ். இன்று பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப் நகரில், பிளான்டின் அச்சகம் 1593-94இல் முதல் பதிப்பை வெளியிட்டது. பெயரில் மூன்று இருந்தாலும் கையில் இருப்பது ஒரே புத்தகம்தான். நாம் காண்டம் என்று பிரிப்பதுபோல் லத்தீனில் ‘லிபர்’ என்று பிரிப்பார்கள்.

பெயரைப் பார்த்து, இது தவக்காலத்தில் வாசிக்கும் பக்தி நூல் என்று நினைத்துத் திறப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். ரோமர்களும் அவர்களுக்கு முந்தியவர்களும் ஆட்களை மரத்தில் அறைந்து கொன்றது எப்படி, யாரை, எந்த மரத்தில், எத்தனை ஆணியால் என்று பழைய எழுத்தாளர்களைத் துருவித் துருவி எடுத்த ஆராய்ச்சி இது. அதற்கு நடுநடுவே செப்புத்தகட்டுப் படங்கள். புத்தகம் ஊரெல்லாம் பரவியதற்கு ஆராய்ச்சி பாதிக் காரணம் என்றால் படங்கள் மீதிக் காரணம்.

லிப்சியஸ் யார்?

1547இல் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் ஓவரைஸே என்ற ஊரில் பிறந்தார். பழைய ரோமானிய எழுத்தாளர்களான டாசிட்டஸின் வரலாறுகளை 1574இலும், செனிகாவின் நூல்களை 1605இலும் பிழை திருத்திப் பதிப்பித்தவர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் லத்தீன் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கவுன்சில் பல வருடம் கூடிய கட்டடத்துக்குக்கூட இவர் பெயர்தான். அங்கே கூடிய அமைச்சர்களில் எத்தனை பேர் இவருடைய ஒரு பக்கத்தையாவது படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தப் புத்தகத்தைப் புரிந்துகொள்ள அவர் வாழ்க்கையில் ஒரு விஷயம் முக்கியம். கத்தோலிக்கராகப் பிறந்தவர், புராட்டஸ்டன்ட் பிரிவான லூத்தரன்களின் ஊரான யேனாவில் வேலை பார்த்தார். அப்புறம் இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வினியர்களின் லைடன் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு பதிமூன்று வருடம் பேராசிரியர். எந்த ஊருக்குப் போனாரோ அந்த ஊர்க் கோயிலில் கும்பிட்டார் என்று வையுங்களேன். 1589இல் அரசியல் பற்றி ஒரு நூல் எழுதினார். நாட்டின் அமைதியைக் குலைக்கும் மதப்பிரிவினரை ‘சுடு, வெட்டு’ என்று அதில் ஒரு வரி. அது மருத்துவர் புண்ணுக்குச் செய்கிற சிகிச்சையைச் சொல்லும் உவமை என்று எவ்வளவோ விளக்கினார், எதிராளிகள் விடவில்லை. 1591இல் லைடனை விட்டுக் கிளம்பி, மைன்ஸ் நகரில் கத்தோலிக்க சபைக்குத் திரும்பி, கடைசியில் லூவேன் வந்து சேர்ந்தார். திரும்பி வந்த இரண்டு மூன்று வருடத்துக்குள் வெளிவந்ததுதான் ‘தே க்ரூசே’.

அப்படியானால் இது மத நூலா, சரித்திர நூலா?

தலைப்புப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது: ‘புனித வரலாற்றுக்கும் புறவரலாற்றுக்கும் பயன்படுவது’ என்று போட்டிருக்கிறார். கெட்டிக்காரத்தனமான வரி. ‘நான் திரும்பி வந்துவிட்டேன்’ என்று கத்தோலிக்கர்களுக்குக் காட்ட, சிலுவையைவிடப் பொருத்தமான தலைப்பு எது? அதே சமயம் உள்ளே இருப்பது பிரசங்கம் இல்லை. பிளாட்டஸ், சிசரோ, செனிகா, ஜோசிபஸ் என்று மேற்கோள் அடுக்கு. தனக்குத் தெரிந்த வேலையை விட்டுக்கொடுக்காமல் புது எஜமானர்களையும் திருப்திப்படுத்தியிருக்கிறார் என்பது என் வாசிப்பு. பின்னாளில் ஹாலே ஊர் மாதாவின் அற்புதங்களைப் பற்றி 1604இல் எழுதி, அந்த மாதாவுக்கே ஒரு வெள்ளிப் பேனாவைக் காணிக்கையாகவும் வைத்தார். ‘தே க்ரூசே’ எழுதிய காலத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை.

உள்ளே என்னென்ன இருக்கிறது?

முதல் நூலில் ‘க்ரூக்ஸ்’ என்ற சொல், அதன் பொருள்கள், சிலுவையின் வடிவங்கள். இரண்டாவதில் நடைமுறை: சாட்டையடி, மரத்தைச் சுமக்க வைப்பது, ஆணியா கயிறா என்பதெல்லாம். மூன்றாவதில் மிச்சம் மீதி: வழக்கத்துக்கு மாறான முறைகள், இந்தத் தண்டனை வழக்கொழிந்த கதை. கடைசியில் அவரே எழுதிய குறிப்புகள். அதிகாரங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. பல ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம்தான்.

சிலுவையில் எத்தனை வகை சொல்கிறார்?

முதலில் இரண்டாகப் பிரிக்கிறார்: ஒற்றை மரம், சேர்த்துச் செய்த மரம்.

ஒற்றை மரம் என்பது நட்டுவைத்த வெறும் கம்பம். அதிலும் இரண்டு விதம். ஆளைக் கம்பத்தின் மேல் வைத்து அறைவது ஒன்று. கம்பத்தையே உடலுக்குள் செலுத்துவது இன்னொன்று.

சேர்த்துச் செய்ததில் மூன்று. முதலாவது பெருக்கல் குறிபோல இரண்டு மரம் குறுக்காகச் சேர்வது. அந்திரேயா சிலுவை என்று சொல்வது இதைத்தான். இரண்டாவது, நிமிர்ந்த மரத்தின் உச்சியில் குறுக்குமரம் உட்கார்ந்து ஆங்கில ‘டி’ எழுத்துபோல இருப்பது. மூன்றாவது, நிமிர்மரம் குறுக்குமரத்தைத் தாண்டி மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பது. மாதா கோயில் கோபுரத்தில் நாம் பார்க்கும் வடிவம் அது.

ரோமர்கள் இப்படி வகை பிரித்துப் பேசவில்லை. அவர்களுக்கு எல்லாமே ‘க்ரூக்ஸ்’தான். இந்தப் பெயர்ப் பட்டியலைப் படிப்பாளிகள் நடுவில் நிலைக்கச் செய்தது லிப்சியஸ். இன்றைக்கும் கலைக்களஞ்சியங்களில் சிலுவை வகைகள் என்று பார்த்தால் அவர் வைத்த அதே லத்தீன் பெயர்கள்தான் வரும், பெரும்பாலும் அவர் பெயர் இல்லாமல்.

நம்முடைய கழுவேற்றமும் இதில் வருகிறதா?

முறை வருகிறது. ஒற்றை மரத்தின் இரண்டாவது விதத்தைப் படித்ததும் தமிழ் வாசகருக்கு ‘அட, கழு’ என்று தோன்றும். மதுரையில் சமணர் கழுவேறிய கதையைப் பெரிய புராணம் வழியாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சிலுவை வேறு, கழு வேறு என்று நமக்கு இரண்டு சொல் தனித்தனியாக இருப்பதால் குழப்பம் இல்லை. லத்தீனில் இரண்டுக்கும் ‘க்ரூக்ஸ்’, கிரேக்கத்தில் இரண்டுக்கும் ‘ஸ்டௌரோஸ்’ என்று ஒரே சொல் நின்றுவிட்டது. லிப்சியஸ் ஒரு முழு நூலை வடிவங்களைப் பிரிப்பதற்கே செலவழித்ததன் காரணம் அந்தச் சொல்தான்.

ஒற்றைக் கம்பத்தில் கைகளை மேலே தூக்கி அறைந்த படம் ஒன்று சுற்றுகிறதே. இயேசு சிலுவையில் இறக்கவில்லை என்பதற்கு அது ஆதாரமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். படம் இந்தப் புத்தகத்தில் இருப்பதுதான், போலி இல்லை. கிளையில்லாத மரம், அதில் ஒரு மனிதன், இரண்டு கைகளும் தலைக்கு மேலே.

யெகோவாவின் சாட்சிகள் 1950இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் பின்னிணைப்பில் இதைப் போட்டார்கள். அவர்களுடைய 1984ஆம் வருடத்து வேதாகமப் பதிப்பிலும், லிப்சியஸ் நூலின் 1629 ஆன்ட்வெர்ப் பதிப்பிலிருந்து எடுத்ததாகச் சொல்லி, இந்தப் படம் வந்தது. ‘ஸ்டௌரோஸ்’ என்றால் கம்பம். ஆகவே இயேசு இறந்தது கம்பத்தில் என்பது அவர்கள் வாதம். அந்தச் சொல்லின் மூலப்பொருள் கம்பம் என்பது சரிதான். அந்த விவாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை.

ஆனால் லிப்சியஸைச் சாட்சிக்கு அழைத்தால் அவர் சொல்வதை முழுசாகக் கேட்க வேண்டும் இல்லையா? அந்தப் படம் ஒற்றை மரம் என்ற வகைக்கு உதாரணமாகப் போட்டது. இயேசுவின் சிலுவை எது என்ற கேள்வியை அதே முதல் நூலில் சில அதிகாரங்கள் தள்ளி எடுத்துக்கொள்கிறார். அங்கே அவர் பதில் மூன்றாவது வடிவம், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிலுவை. அதற்குப் பழைய திருச்சபை எழுத்தாளர்களைத் துணைக்கு அழைக்கிறார். இரேனியுஸ் சிலுவைக்கு ஐந்து முனை உண்டு என்கிறார்: நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, நடுவில் ஒன்று. நடுவில் உள்ளது, அறையப்பட்டவன் உடல் தாங்குவதற்காக வைத்த கட்டை. இரண்டாம் நூற்றாண்டு ஜஸ்டினும் நடுவில் கொம்புபோல நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டையைச் சொல்கிறார். குற்றப்பலகை இயேசுவின் ‘தலைக்கு மேலே’ வைக்கப்பட்டது என்று மத்தேயு எழுதுவதும் இந்த வடிவத்துக்குப் பொருந்தும்.

அவர் முடிவு தப்பாகவே இருக்கட்டும். ஆனால் அவர் பக்கத்திலிருந்து படத்தை மட்டும் வெட்டி எடுத்து, அவர் சொன்னதற்கு நேர் எதிரான கருத்துக்கு ஒட்டவைப்பது நியாயமில்லை.

படம் வரைந்தவர்கள் எதைப் பார்த்து வரைந்தார்கள்?

லிப்சியஸின் எழுத்தை. வேறு எதையும் பார்த்து வரைய வழியில்லை. சிலுவைத் தண்டனை போய் ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கான்ஸ்டன்டைன் அதை ஒழித்தார் என்று நான்காம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் அவுரேலியுஸ் விக்டர் எழுதியிருக்கிறார்.

அதனால் ‘பழைய படம், எனவே பழைய ஆதாரம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செனிகா ஓர் இடத்தில், சிலுவைகள் ஒரே மாதிரி இல்லை, சிலர் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள், சிலர் மறைவிடத்தின் வழியே கம்பத்தை ஏற்றுகிறார்கள், சிலர் குறுக்குமரத்தில் கைகளை விரிக்கிறார்கள் என்று எழுதினார். அந்த ஒரு வாக்கியத்தையே மூன்று படமாக வரையலாம். பதினாறாம் நூற்றாண்டு ஓவியருக்குத் தெரிந்த தசை, தெரிந்த தாடி, தெரிந்த மலை எல்லாம் அந்தப் படங்களில் வந்து சேர்ந்தன.

அவர் எடுத்துக்காட்டும் பழைய சாட்சிகளில் சுவாரசியமானது எது?

எனக்குப் பிடித்தது பிளாட்டஸ். கிறிஸ்துவுக்கு இருநூறு வருடம் முந்திய நகைச்சுவை நாடகக்காரர். அவருடைய ‘மோஸ்டெல்லாரியா’ நாடகத்தில் த்ரானியோ என்ற அடிமை வசமாக மாட்டிக்கொள்கிறான். ‘எனக்குப் பதிலாகச் சிலுவைக்கு முதலில் ஓடுகிறவனுக்கு ஒரு தாலந்து வெள்ளி தருகிறேன். ஒரே நிபந்தனை, கால் இரண்டு தடவை, கை இரண்டு தடவை ஆணியடிக்கப்பட வேண்டும்’ என்கிற ரீதியில் பேசுகிறான். கூட்டம் சிரித்திருக்கும். எதிர் வீட்டு அடிமைக்கு நடந்ததைப் பார்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். சட்டப் புத்தகம் சொல்லாததை இந்த மாதிரி ஒரு மட்டமான நகைச்சுவை சொல்லிவிடுகிறது: யாருக்கு இந்தத் தண்டனை, எவ்வளவு சாதாரணம், ஆணி அடிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சிசரோவின் வழக்கும் உண்டு. சிசிலியில் ஆளுநராக இருந்த வெர்ரஸ், காவியுஸ் என்ற ரோமானியக் குடிமகனை மெஸ்ஸானாவில் சிலுவையில் ஏற்றினான். ‘நான் ரோமானியக் குடிமகன்’ என்று அவன் கத்தியும் பலனில்லை. இத்தாலி கண்ணுக்குத் தெரியும் இடமாகப் பார்த்து நிறுத்தியதுதான் சிசரோவுக்குப் பொறுக்கவில்லை.

எண்ணிக்கைக்குப் பழைய வரலாற்றாசிரியர்கள் அப்பியனையும் ஜோசிபஸையும் பார்க்கலாம். ஸ்பார்ட்டகஸ் தலைமையில் நடந்த அடிமைக் கலகம் கிமு 71இல் அடங்கியபோது, பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் அறைந்தார்கள் என்கிறார் அப்பியன். கிபி 70இல் எருசலேம் முற்றுகையில், தினமும் 500 பேர், சில நாட்களில் அதற்கு மேலும் பிடித்து, வீரர்கள் வெறுப்பிலும் விளையாட்டிலும் ஒவ்வொருவனை ஒவ்வொரு நிலையில் அறைந்தார்கள் என்கிறார் ஜோசிபஸ். சிலுவைகளுக்கு இடம் போதவில்லை, உடல்களுக்குச் சிலுவை போதவில்லை என்றும் சொல்கிறார். வடிவம் ஒன்றே ஒன்று என்று அடித்துப் பேசுகிற எல்லோருக்கும் இந்த ஒரு பத்தி போதும்.

இன்றைய தொல்லியல் அவரைச் சரி என்கிறதா?

அவருக்குக் கிடைக்காத சாட்சி நமக்குக் கிடைத்திருக்கிறது. 1968இல் எருசலேமின் வடக்கே கிவாத் ஹமிவ்தார் என்ற இடத்தில் ஒரு கல்லறை. அதில் எலும்புகள் போட்டுவைத்த கல் பெட்டி. பெட்டியில் யெஹோகனான் என்ற பெயர். உள்ளே வலது குதிகால் எலும்பு ஒன்று, பக்கவாட்டில் ஆணி துளைத்து அப்படியே இருந்தது. ஆணியின் தலைப்பக்கம் ஒரு சிறு மரத்துண்டு ஒட்டியிருந்தது. நுனி வளைந்திருந்தது. நுனி வளைந்ததால் உருவ முடியாமல் ஆணியோடு புதைத்துவிட்டார்கள். அதனால்தான் நம் கைக்கு வந்தது. மற்றவர்கள் விஷயத்தில் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1970இல் முதலில் ஆராய்ந்த நிக்கு ஹாஸ், இரண்டு குதிகாலையும் சேர்த்து ஒரே ஆணி துளைத்தது, முழங்கால் ஒரு பக்கமாக மடங்கியிருந்தது என்று எழுதினார். அதற்கு ஒரு படமும் வந்தது, பத்திரிகைகளில் பரவியது. 1985இல் ஜோசப் ஜியாஸும் எலியேசர் செகெலெஸும் எலும்பை மறுபடி பார்த்தார்கள். ஆணியின் நீளம் 11.5 சென்டிமீட்டர்தான், இரண்டு குதிகாலைத் துளைத்து மரத்திலும் இறங்க அது போதாது. ஒவ்வொரு காலையும் நிமிர்மரத்தின் ஒவ்வொரு பக்கத்தில் வைத்துத் தனித்தனியாக அடித்திருக்கிறார்கள் என்றார்கள். ஆனால் ஹாஸின் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. லிப்சியஸின் படத்துக்கு நடந்த அதே கதை, விஞ்ஞான யுகத்திலும்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஃபென்ஸ்டன்டன் என்ற கிராமத்தில் 2017இல் இன்னொரு ஆணி துளைத்த வலது குதிகால் கிடைத்தது. 2021இல் வெளியே சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் செத்த தண்டனைக்கு மிஞ்சியது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

சிலுவையின் வடிவத்துக்கு எலும்பு பதில் சொல்லாது. அதற்குச் சுவர்க் கிறுக்கல்கள் உதவுகின்றன. ரோமில் பலத்தீன் குன்றில் 1857இல் கண்டுபிடித்த கிறுக்கலில் கழுதைத் தலையோடு ஓர் உருவம் சிலுவையில். கீழே ‘அலெக்சமெனோஸ் தெய்வத்தைக் கும்பிடுகிறான்’ என்று கேலி. நேப்பிள்ஸ் பக்கம் பொத்சுவோலியில் 1959இல் கிடைத்தது இன்னொன்று. இரண்டிலும் குறுக்குமரம் உண்டு, இரண்டும் ‘டி’ வடிவத்துக்குப் பக்கம். லிப்சியஸின் இரண்டாவது வகை.

ஆணி உள்ளங்கையிலா மணிக்கட்டிலா?

‘கை’ என்பதற்கான கிரேக்கச் சொல் முன்கையையும் சேர்த்துக் குறிக்கக்கூடியது. மணிக்கட்டு வாதத்தை 1930களில் பாரிஸ் மருத்துவர் பியேர் பார்பே பிணங்களை வைத்துச் சோதித்துப் பரப்பினார். அவரை மறுத்த மருத்துவர்களும் உண்டு. யெஹோகனான் எலும்புகளில் கையில் ஆணி அடித்ததற்கு அடையாளம் இல்லை என்று 1985 ஆய்வு சொன்னது. கயிற்றால் கட்டியிருக்கலாம்.

அந்தக் காலத்தில் படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் எப்படி அச்சடித்தார்கள்?

ஒரே தாளை இரண்டு தடவை அச்சடித்தார்கள். ஈய எழுத்து மேடாக இருக்கும். மேட்டில் மை தடவித் தாளை அழுத்தினால் போதும். செப்புத்தகட்டில் கோடு பள்ளமாக இருக்கும். பள்ளத்தில் மையை நிரப்பி, மேலே இருப்பதைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே பலமாக நசுக்கி இழுக்க வேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு இயந்திரம். படத்துக்கு இடம் விட்டு எழுத்தை அடித்துவிட்டு, அதே தாளை இன்னொரு இயந்திரத்துக்குக் கொண்டுபோவார்கள்.

அதனால் ஒரிஜினல் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படத்தைச் சுற்றி ஒரு செவ்வகப் பள்ளம் தெரியும், தகட்டின் விளிம்பு அழுந்திய தடம். விரலால் தடவினாலே உணரலாம். சில பக்கங்களில் படம் எழுத்து வரிக்கு இணையாக நிற்காமல் லேசாகச் சாய்ந்திருக்கும். இரண்டாம் தடவை தாளை வைத்தவன் அவசரத்தில் இருந்திருக்கிறான். எனக்கு அந்தச் சாய்வுதான் ரொம்பப் பிடிக்கும். நாலு நூற்றாண்டுக்கு முந்திய ஒரு தொழிலாளியின் கை அதில் தெரிகிறது.

செப்பு மிருதுவானது, அச்சடிக்க அடிக்கத் தேயும். அழுத்தமான கறுப்பு என்றால் ஆரம்பத்தில் எடுத்தது, சாம்பல் தட்டிய மெல்லிய கோடு என்றால் தகடு களைத்த பிறகு எடுத்தது. பிளான்டின் அச்சகம் இன்று அருங்காட்சியகம். 2005இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பழைய தகடுகளையும் மரக்கட்டைகளையும் அங்கே வைத்திருக்கிறார்கள். லிப்சியஸ் பெயரில் ஓர் அறையும் உண்டு.

ஏலத்தில் ஒரு பிரதி வந்தால் எதைப் பார்ப்பது?

முதலில் வருடம். சாதாரண ரோமன் எண்ணாக இல்லாமல், ‘சி’ எழுத்தைத் திருப்பிப் போட்டு ஆயிரத்தையும் ஐந்நூறையும் காட்டும் பழக்கம் அப்போது உண்டு. பழகாதவர்கள் தப்பாகப் படித்துவிடுவார்கள். ஆன்ட்வெர்ப் பதிப்பு என்றால் மேகத்திலிருந்து நீளும் கையும் அதில் ஒரு தங்கக் கவராயமும் இருக்கும். ‘உழைப்பாலும் உறுதியாலும்’ என்பது அச்சகத்தின் வாசகம். பிளான்டின் 1589இலேயே இறந்துவிட்டார். அவர் விதவையும் மருமகன் யான் மொரேட்டஸும் நடத்திய காலத்தில் வந்த புத்தகம் இது. அதனால் அவர்கள் பெயர் இருப்பதைப் பார்த்து வேறு ஏதோ அச்சகம் என்று நினைக்க வேண்டாம்.

படங்கள் எழுத்தோடு சேர்ந்த பக்கங்களில் இருப்பதால், ஒரு படம் இல்லை என்றால் அந்தப் பக்கத்து எழுத்தும் போயிருக்கும். ஒவ்வொரு தாளின் அடியில் இருக்கும் எழுத்தும் எண்ணும், பக்கக் கடைசியில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லும் வரிசையாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் வெட்டியது தெரிந்துவிடும். தனித்தாளாகச் சட்டம் போட்டு விற்கிறார்கள் என்றால், ஏதோ ஒரு முழுப் பிரதியைக் கெடுத்திருக்கிறார்கள். அதை வாங்காமல் இருப்பது நல்லது.

எனக்கு லத்தீன் தெரியாது. படித்துப் பார்க்க வழி உண்டா?

கூகுள் புக்ஸிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பல பதிப்புகளின் ஸ்கேன் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் கண்ணை உறுத்துவது ‘எஸ்’. நீளமாக, ‘எஃப்’ மாதிரி இருக்கும். ‘யு’வும் ‘வி’யும் இடம் மாறி வரும். லிப்சியஸின் நடை வெட்டு வெட்டாக, வினைச்சொல்லையே விழுங்கிவிட்டுப் போகும். டாசிட்டஸோடு அவ்வளவு காலம் குடித்தனம் நடத்தியவர், வேறெப்படி எழுதுவார்? அகராதியோடு உட்கார்ந்தால் ஒரு அதிகாரத்துக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும்.

முதல் நூலின் ஐந்தாம் அதிகாரத்துப் பக்கம் போனால் அந்த ஒற்றைக் கம்பப் படம் வரும். அங்கே நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் புரட்டுங்கள். இரேனியுஸின் ஐந்து முனைகள் பின்னால் வருகின்றன.